பாத் செட் பண்றதுக்கு முன்னாடி, பாத்ல என்ன இருக்குன்னு பாருங்க

ஒரு கேள்வியோட ஆரம்பிக்கிறேன். உங்க லேப்டாப்ல ஜாவா போட்டப்போ 'பாத் செட்' பண்ணியிருப்பீங்க. அன்னைக்கு என்ன பண்ணீங்கன்னு இப்போ வீடியோ பார்க்காம ஒரு ஜூனியருக்குச் சொல்ல முடியுமா?

"ப்ராப்பர்ட்டீஸ் போகணும், அட்வான்ஸ்டுன்னு ஒண்ணு வரும், அப்புறம் ஒரு பாக்ஸ் வரும், அதுல பேஸ்ட் பண்ணணும்." நம்மில் பாதிப் பேரின் பதில் இதுதான். எதற்காகப் பேஸ்ட் பண்றோம் என்று கேட்டால், "அப்போதான் வேலை செய்யும்" என்போம். மூன்றாம் வருஷம் வரைக்கும் நானும் அப்படித்தான் இருந்தேன். அதனால் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. இதுவரைக்கும் ஒரே ஒருத்தரிடம்தான் இதைச் சொல்லியிருக்கிறேன்.

(கமாண்டுகளையும் தமிழ் எழுத்தில்தான் எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது நீங்க வழக்கம்போல இங்கிலீஷ்லயே அடிங்க.)

நான் செகண்ட் இயர். ஜாவா லேப். என் சிஸ்டத்தில் 'ஜாவாசி' என்று அடித்தால், அப்படி ஒரு கமாண்டே தெரியாது என்று எரர். பக்கத்து சீட்டுப் பையன் போனில் ஒரு வீடியோ காட்டினான். அதில் ஒரே ஒரு வரி. 'செட்எக்ஸ் பாத்' என்று அடித்து, கொட்டேஷனுக்குள் ஜாவாவின் 'பின்' ஃபோல்டர் முகவரியைப் போட்டு, என்டர். 'சக்ஸஸ்' என்று வந்தது. புது விண்டோ திறந்தேன். ஜாவாசி வேலை செய்தது. ப்ரோகிராம் ஓடியது, அவுட்புட் காட்டினேன், ரெக்கார்டில் கையெழுத்து வாங்கினேன், கிளம்பிவிட்டேன்.

மறுநாள் அதே லேபில் ஃபர்ஸ்ட் இயர் பசங்களுக்குப் பைத்தான் மாடல் ப்ராக்டிகல். நான் உட்கார்ந்திருந்த அதே சிஸ்டத்தில் ஒரு பொண்ணு உட்கார்ந்தாள். 'பைத்தான்' என்று அடித்தாள். அப்படி ஒரு கமாண்டே இல்லை என்று வந்தது. தான்தான் ஸ்பெல்லிங் தப்பா அடித்துவிட்டோம் என்று நினைத்தாள். மறுபடி அடித்தாள். கேபிட்டல் லெட்டரில் அடித்தாள். சுற்றிலும் எல்லாரும் டைப் பண்ணிக்கொண்டிருக்கிறார்கள். கையைத் தூக்கிக் கேட்கவே அவளுக்கு இருபது நிமிஷம் ஆனது. அப்புறம்தான் வேறு சிஸ்டம் கொடுத்தார்கள். இரண்டாவது ப்ரோகிராம் முடிக்கவில்லை.

"எவனோ பாத்தைக் கெடுத்து வச்சிருக்கான்" என்று லேப் அசிஸ்டன்ட் அண்ணா திட்டிக்கொண்டே அந்த சிஸ்டத்தைச் சரி செய்தது எனக்குத் தெரியும். வேற ஒரு வேலையாக அப்போது நான் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தேன். எவனோ இல்லை, நான்தான் என்று சந்தேகம் வந்தது. ஆனா எப்படி என்று தெரியவில்லை. நான் ஜாவாவைத்தானே தொட்டேன், பைத்தான் எப்படிப் போகும்? வாயைத் திறக்கவில்லை.

எப்படிப் போனது என்று புரிய எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. உங்களுக்கு இப்போது ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடலாம். முதல் செமஸ்டரிலேயே அந்த ஐந்து நிமிஷம் எல்லாருக்கும் கிடைத்திருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

என்விரான்மென்ட் வேரியபிள் என்பது பெயரும் மதிப்பும் சேர்ந்த ஒரு சின்னக் குறிப்பு, அவ்வளவுதான். தமிழில் 'சூழல் மாறி' என்கிறார்கள். ஒரு ப்ரோகிராம் ஓட ஆரம்பிக்கும்போது அதன் கையில் இப்படிப்பட்ட குறிப்புகள் எழுதிய ஒரு தாளைக் கொடுத்து அனுப்புகிறது சிஸ்டம். யூசர் பெயர் இது, ஹோம் ஃபோல்டர் இது, தற்காலிக ஃபைல்களை இங்கே வை, இப்படி. இது புதுசும் இல்லை. 1979-ல் வெளிவந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே இருந்தது. நம்ம அப்பா அம்மா ஸ்கூல் போன காலத்து விஷயம்.

அந்தத் தாளில் ஒரு வரிதான் பாத். அது ஃபோல்டர்களின் பட்டியல். நீங்கள் 'பைத்தான்' என்று அடித்தால், ஷெல் அந்தப் பட்டியலில் உள்ள ஃபோல்டர்களை வரிசையாகத் திறந்து, அந்தப் பெயரில் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கும். முதலில் எங்கே கிடைக்கிறதோ அதை ஓட்டும், மீதியைப் பார்க்காது. கடைசி ஃபோல்டர் வரைக்கும் கிடைக்கவில்லை என்றால் அந்த எரர். ஹாஸ்டலில் ஒருத்தரைத் தேடி வரும் ஆளிடம் நாலு ரூம் நம்பர் எழுதிக் கொடுப்பது மாதிரி. அந்த நாலு ரூமிலும் ஆள் இல்லை என்றால் "அப்படி யாரும் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஆள் அஞ்சாவது ரூமில் தூங்கிக்கொண்டிருக்கலாம்.

நான் செய்தது என்னவென்றால், அந்தச் சீட்டில் ஒரு ரூமைச் சேர்க்கவில்லை. சீட்டையே மாற்றி, ஒரே ஒரு ரூம் மட்டும் எழுதிவிட்டேன். விண்டோஸில் பாத் இரண்டு இடத்தில் இருக்கும், சிஸ்டத்துக்கு ஒன்று, யூசருக்கு ஒன்று. இரண்டையும் ஒட்டித்தான் நமக்குக் காட்டும். லேபில் எல்லாரும் ஒரே ஸ்டூடன்ட் லாகின். பைத்தானின் முகவரி அந்த யூசர் பாத்தில் இருந்தது. செட்எக்ஸ் அதை அழித்துவிட்டு, அந்த இடத்தில் ஜாவாவை வைத்தது. 'சக்ஸஸ்' என்றது பொய் இல்லை. நான் சொன்னதை அது சரியாகச் செய்தது.

இதில் இன்னும் உறுத்துவது வேறு. செட்எக்ஸ் செய்யும் மாற்றம் ஏற்கெனவே திறந்திருக்கும் விண்டோவுக்கு வராது, இனிமேல் திறப்பதற்குத்தான். அப்படியென்றால் நான் முதலில் திறந்த விண்டோவில் பழைய பட்டியல் முழுசா அப்படியே இருந்திருக்கிறது. அதில் 'எக்கோ %பாத்%' என்று அடித்திருந்தால் பழையது திரையில் வந்திருக்கும். காப்பி பண்ணித் திரும்பப் போட்டிருக்கலாம். பார்க்கத் தெரியாததால் அந்த விண்டோவை மூடிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அதனால்தான் சொல்கிறேன், 'செட்' பண்ணக் கற்றுக்கொள்வதற்கு முன்னால் 'பார்க்க' கற்றுக்கொள்ள வேண்டும். நமக்கு எல்லாரும் நேர் எதிராகத்தான் சொல்லித் தருகிறார்கள். வீடியோக்கள் எல்லாம் செட் பண்ணத்தான் சொல்கின்றன. சீனியர் வந்து கீபோர்டை வாங்கி, படபடவென்று அடித்து, "ஓகே, இப்ப ரன் பண்ணு" என்று சொல்லிவிட்டுப் போகிறார். செட் பண்ணும் முன் என்ன இருந்தது, பின் என்ன இருக்கிறது என்று யாரும் காட்டுவதில்லை.

பார்ப்பது ஒன்றும் கஷ்டம் இல்லை. விண்டோஸ் கமாண்ட் ப்ராம்ப்டில் 'செட்' என்று மட்டும் அடித்து என்டர் தட்டுங்கள். முழுத் தாளும் வரும். ஒரே ஒரு வரி வேண்டும் என்றால் 'எக்கோ', பெயருக்கு இருபுறமும் சதவீதக் குறி. அப்படி ஒரு வேரியபிளே இல்லை என்றால் நீங்கள் அடித்ததையே சதவீதக் குறியோடு திரும்பக் காட்டும். 'வேர் பைத்தான்' என்று அடித்தால் பைத்தான் எந்த ஃபோல்டரிலிருந்து வருகிறது என்று சொல்லும். இரண்டு பைத்தான் இருந்தால் இரண்டையும் வரிசையாகக் காட்டும், முதல் வரிதான் ஓடும். "பிப்ல இன்ஸ்டால் பண்ணிட்டேன், ஆனா மாட்யூல் இல்லைன்னு வருது" என்று புலம்புகிறவர்கள் முதலில் இதைப் பாருங்க. பெரும்பாலும் பிப் ஒரு பைத்தானுக்குப் போட்டிருக்கும், நீங்கள் ஓட்டுவது இன்னொன்றாக இருக்கும்.

பவர்ஷெல் என்றால் பாஷை வேறு. '$என்வி:பாத்' என்று அடிக்க வேண்டும். முழுத் தாளுக்கு 'டிர் என்வி:'. கமாண்ட் ப்ராம்ப்டுக்கான வரியை அப்படியே பவர்ஷெல்லில் போட்டு மாட்டிக்கொள்வது நம்ம காலேஜில் தினமும் நடக்கிறது. அங்கே 'செட்' என்றால் வேறு வேலை, அது பவர்ஷெல்லின் சொந்த வேரியபிளுக்கானது. 'வேர்' என்றாலும் வேறு அர்த்தம், அதனால் '.எக்ஸ்இ' சேர்த்து அடிக்கணும். எரர் வராமலேயே ஒன்றும் நடக்காமல் போகும் கொடுமை இதனால்தான். நீங்கள் எந்த விண்டோவில் இருக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள்.

லினக்ஸில் 'பிரின்ட்என்வி' அடித்தால் முழுத் தாள், 'எக்கோ $பாத்' அடித்தால் ஒரு வரி. ஃபோல்டர்களுக்கு நடுவில் விண்டோஸில் அரைப்புள்ளி, இங்கே முக்காற்புள்ளி. பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் லினக்ஸுக்கு உண்டு, விண்டோஸுக்கு இல்லை. சி லேபில் எல்லாரும் கேட்கும் கேள்வி, "ஏன் புள்ளி, ஸ்லாஷ் போட்டு ஏ.அவுட் ஓட்டணும்?" கமாண்ட் ப்ராம்ப்ட் நாம் இருக்கும் ஃபோல்டரைத் தானாகவே முதலில் பார்த்துவிடும். லினக்ஸ் பட்டியலில் உள்ளதை மட்டும்தான் பார்க்கும். நாம் நிற்கும் ஃபோல்டர் பட்டியலில் இல்லை, அதனால் "இங்கேயே இருக்கு பாரு" என்று புள்ளி வைத்துக் காட்ட வேண்டியிருக்கிறது. முதல் வருஷம் முழுக்க அதை ஒரு மந்திரம் மாதிரி அடித்தோம்.

இனி செட் பண்ணுவது. கமாண்ட் ப்ராம்ப்டில் 'செட் பெயர்=மதிப்பு' என்று அடித்தால் அந்த விண்டோ மூடும் வரை மட்டும்தான். பரிசோதனைக்கு இதுதான் நல்லது. தப்பானாலும் விண்டோவை மூடினால் போய்விடும். சமக்குறிக்கு முன்னால் இடைவெளி விடாதீர்கள், விட்டால் அந்த இடைவெளியும் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் 'நான் செட் பண்ணினேனே' என்று தேடிக்கொண்டே இருப்பீர்கள். லினக்ஸில் இடைவெளி விட்டால் உடனே எரர் வந்துவிடும், அது ஒரு வகையில் நல்லது.

லினக்ஸில் 'எக்ஸ்போர்ட்' ஏன் போடுகிறோம் என்று வைவாவில் கேட்டால் பலரும் முழிப்பார்கள். எக்ஸ்போர்ட் போடாவிட்டால் அந்தக் குறிப்பு ஷெல்லோடு நின்றுவிடும், ஷெல் ஓட்டும் ப்ரோகிராமுக்குப் போகாது. போட்டால், ஷெல் தொடங்கும் ஒவ்வொரு ப்ரோகிராமுக்கும் அந்தத் தாளின் ஜெராக்ஸ் ஒன்று போகும். ஜெராக்ஸில் என்ன கிறுக்கினாலும் ஒரிஜினல் மாறாது. அதனால்தான் ஒரு ஸ்கிரிப்டுக்குள் எக்ஸ்போர்ட் எழுதி, அதைச் சாதாரணமாக ஓட்டினால், முடிந்து வந்தபின் நம் டெர்மினலில் ஒன்றும் இருக்காது. அதனால்தான் '.பேஷ்ஆர்சி' ஃபைலை மாற்றியபின் 'சோர்ஸ்' போட வேண்டும், இல்லை புது டெர்மினல் திறக்க வேண்டும்.

இதைப் படிக்கும்போது எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? ஆபரேட்டிங் சிஸ்டம் பாடத்தில் ஃபோர்க், சைல்டு ப்ராசஸ் என்று 13 மார்க்குக்கு மூணு பக்கம் எழுதினோமே, அதுதான் இது. படம் போட்டு, பாக்ஸ் கட்டி எழுதினோம். லேபில் அதே விஷயம் கண்ணெதிரே நடந்தபோது நமக்கு அடையாளம் தெரியவில்லை. சிலபஸில் இல்லை என்று சொல்ல முடியாது. தியரி கிளாஸுக்கும் லேபுக்கும் நடுவில் எங்கேயோ விழுந்துவிட்டது.

"இப்பல்லாம் ஐடிஇ எல்லாத்தையும் பார்த்துக்குது, இது எதுக்கு?" என்று ஒரு நண்பன் கேட்டான். நியாயமான கேள்விதான், பதிலும் இருக்கிறது. போன ரிவ்யூவில் எங்க டீமின் ப்ராஜெக்ட் ஒருத்தன் லேப்டாப்பில் ஓடியது, என்னுடையதில் ஓடவில்லை. கோடு ஒன்றேதான். அவன் டேட்டாபேஸ் பாஸ்வேர்டை ஒரு சூழல் மாறியில் வைத்திருந்தான். நான் ஒரு டெர்மினலில் செட் பண்ணிவிட்டு, ஐடிஇயை டெஸ்க்டாப் ஐகானிலிருந்து திறந்தேன். டெர்மினலின் தாள் ஐடிஇக்கு எப்படிப் போகும்? ஐடிஇ பிறந்தது அங்கே இல்லையே. பேனல் முன்னால் நிற்கும்போது இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரே ஒரு நிமிஷம் ஆனது. அந்த ஒரு வருஷப் பழிக்குக் கிடைத்த பலன் இதுதான்.

பாஸ்வேர்டு, ஏபிஐ கீ எல்லாம் கோடுக்குள் எழுதக் கூடாது, சூழல் மாறியில் வைக்க வேண்டும் என்று எல்லா கம்பெனியிலும் முதல் நாளே சொல்வார்கள். டாக்கரில் கன்டெய்னர் ஓட்டும்போதும் இதே குறிப்புகளைத்தான் கொடுத்து அனுப்புகிறோம். கிளவுடும் அப்படித்தான். ஐடிஇ மறைத்துக் காட்டுவதால் அது இல்லாமல் போகவில்லை.

சரி, இப்போது எனக்கு என்ன வேண்டும் என்று சொல்கிறேன்.

டிபார்ட்மென்ட்டுக்கு ஒரு வேண்டுகோள். ஃபர்ஸ்ட் இயர் முதல் லேபில் 'ஹலோ வேர்ல்டு'க்கு முன்னால் ஒரு மணி நேரம் கொடுங்கள். பாத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே ஒரு டெர்மினலில் வேண்டுமென்றே அதைக் கெடுக்கச் சொல்லுங்கள். லினக்ஸில் பழைய பட்டியலைச் சேர்க்காமல் பாத்துக்கு ஒரு காலி ஃபோல்டரைக் கொடுத்தால் 'எல்எஸ்' கூட வேலை செய்யாது. 'எல்எஸ்' எங்கேயும் போகவில்லை, '/பின்/எல்எஸ்' என்று முழு முகவரி கொடுத்தால் ஓடும். விண்டோவை மூடித் திறந்தால் எல்லாம் பழையபடி. அந்த எரரைத் தானே வரவழைத்துப் பார்த்தவனுக்கு அடுத்த முறை அது வந்தால் கை நடுங்காது.

சீனியர்களே, ஜூனியரின் கீபோர்டை வாங்காதீங்க. பக்கத்தில் நின்று சொல்லுங்கள், அவங்களே அடிக்கட்டும். முதலில் 'எக்கோ' அடிக்கச் சொல்லுங்கள்.

ஜூனியர்களே, லேப் சிஸ்டத்தில் செட்எக்ஸ் போடாதீங்க, சொந்த லேப்டாப்பிலும் பாத்துக்கு வேண்டாம். "பழைய பாத்தையும் சேர்த்துத்தானே போடறேன்" என்று '%பாத்%' எழுதினாலும் ஆபத்து இருக்கிறது. சிஸ்டம் பாத்தும் யூசர் பாத்தும் கலந்துவிடும், 1024 எழுத்துக்கு மேல் இருந்தால் மீதியை வெட்டிவிடும். நிரந்தரமாக மாற்ற அந்த செட்டிங்ஸ் பாக்ஸே நல்லது, அதில் ஒவ்வொரு ஃபோல்டரும் தனி வரியாகத் தெரியும். மாற்றுவதற்கு முன், 'எக்கோ %பாத்%' அடித்து, பெரிதெனும் குறி போட்டு ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் சேமித்துக்கொள்ளுங்கள். பத்து செகண்ட் வேலை.

நான் எல்கேஜியிலிருந்து இங்கிலீஷ் மீடியம். 'என்விரான்மென்ட்' என்ற சொல்லும் தெரியும், 'வேரியபிள்' என்ற சொல்லும் தெரியும். சொல் தெரிந்ததால் விஷயமும் தெரியும் என்று நினைத்துக்கொண்டு யாரிடமும் கேட்கவில்லை. போன மாசம் ஹாஸ்டலில் அதே பொண்ணு, இப்போ தேர்டு இயர், ஜாவா_ஹோமில் 'பின்' ஃபோல்டரைக் கொடுத்துவிட்டு மேவன் ஓடவில்லை என்று வந்தாள். பின் வேண்டாம், அதற்கு ஒரு படி மேலே உள்ள ஃபோல்டரைக் கொடு என்று சொல்லி, ஏன் என்று தமிழில் விளக்க உட்கார்ந்தேன். அவள் படித்தது தமிழ் மீடியம், அரசுப் பள்ளி. அவளுக்குச் சொல்லச் சொல்லத்தான் எனக்கே எங்கெங்கே ஓட்டை இருக்கிறது என்று தெரிந்தது.

முடித்தபோது, "ஃபர்ஸ்ட் இயர் மாடல் ப்ராக்டிகல்ல எனக்கு இதேதான் வந்துச்சுக்கா. அன்னைக்கே எனக்குக் கம்ப்யூட்டர் வராதுன்னு முடிவு பண்ணிட்டேன். அப்பாகிட்ட போன் பண்ணி சிவில் மாறட்டுமான்னு கேட்டேன்" என்றாள்.

சொல்லிவிட்டேன். அந்த சிஸ்டத்தைக் கெடுத்தது நான்தான் என்று.

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "அப்ப அது என் தப்பு இல்லையாக்கா?" என்றாள். இரண்டு வருஷம் கழித்து அவள் கேட்டது அதை மட்டும்தான்.

இன்றைக்கும் ஏதோ ஒரு லேபில் ஒருத்தர் அந்த எரரைப் பார்த்து, ஸ்பெல்லிங் சரியா என்று நாலாவது தடவை பார்த்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் நீங்கள் இருந்தால், தப்பு உன்மேல் இல்லை, பட்டியலில் அந்த ஃபோல்டர் இல்லை, அவ்வளவுதான் என்று சொல்லுங்கள். அதற்கு முதலில் உங்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். இந்தப் பக்கத்தை மூடுவதற்கு முன் ஒரு டெர்மினல் திறந்து 'எக்கோ' போட்டு உங்க பாத்தைப் பாருங்க. ஒவ்வொரு ஃபோல்டரும் எதுக்காக அங்கே வந்ததுன்னு சொல்ல முடியுதான்னு பாருங்க. எனக்கு இன்னும் ரெண்டு புரியலை, தேடிக்கிட்டு இருக்கேன்.